கபன்யால்: ஒரு மீனவர் பேட்டையின் வரலாறு

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச வல்லார் பலர் இந்த அவையில் வீற்றிருக்க, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புக் கட்டிப் பிழைக்கும் எம்மை மேடையேற்றி, விரும்பியதைப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். அயல்நாட்டு நகரங்களின் வரைபடங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அவற்றின் தெருக்களில் மனத்தால் நடப்பது எமது நெடுநாளைய வழக்கம். அவ்வாறு நடந்த தெருக்களுள் எம் உள்ளத்தை விட்டு அகலாதவை, ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த வாலென்சியா நகரின் மீனவர் தெருக்கள். அவற்றைப் பற்றியே இன்று சில சொல்லத் துணிந்தோம்.

வாலென்சியா ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். ஆயினும் பழைய நகரம் கடலை ஒட்டியதன்று. சில கிலோமீட்டர் உள்ளே, தூரியா ஆற்றங்கரையில் எழுந்தது. கரையில் இருந்தவை கிராவு என்னும் துறைமுகமும், அதற்கு வடக்கே மணல்வெளியில் மீனவர் போட்டுக்கொண்ட குடிசைகளுமே. குடிசையைக் குறிக்கும் 'கபன்யா' என்ற சொல்லிலிருந்து கபன்யால் என்ற பெயர் பிறந்தது. கன்யமெலார், கபன்யால், காப் தெ பிரான்சா என்று அப்பேட்டை மூன்று பகுதிகளாக விளங்கிற்று. வயல்களிலிருந்து கடலுக்கு ஓடிய வாய்க்கால்களே அவற்றுக்கு எல்லை. நகரத்தையும் துறைமுகத்தையும் இணைத்து 1852-இல் புகைவண்டி ஓடத் தொடங்கியது. வாலென்சியாவின் முதல் இருப்புப்பாதை அதுவே. எம் துறையைச் சேர்ந்த செய்தியாதலால் இதனை விட மனம் வரவில்லை, பொறுத்தருள்க.

தொடக்கத்தில் அங்கிருந்தவை 'பராக்கா' எனப்படும் மண்சுவர்க் குடிசைகள். நாணலும் வைக்கோலும் வேய்ந்த, செங்குத்தாகச் சரிந்த கூரை. இத்தகைய ஊருக்குத் தீயே முதற்பகை என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1796-இல் மூண்ட பெருந்தீ குடிசைகளை வரிசை வரிசையாக விழுங்கிற்று. பின்னர்ச் சிறிது சிறிதாகச் செங்கல் வீடுகள் எழுந்தன. ஆனால் புதிய வீடுகள், பழைய குடிசைகள் நின்ற குறுகிய மனைகளின் மேலேயே எழுந்தன. குடிசை அழிந்தும் அதன் அளவு அழியவில்லை. அதனால்தான் இன்றும் வரைபடத்தைப் பார்ப்பவருக்கு, கடலுக்கு இணையாக வடக்குத் தெற்காக நீண்டோடும் தெருக்கள், தறியில் பாவிய நூல்போலத் தோன்றுகின்றன. துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் நீள நீள, அவற்றின் வடபுறம் மணல் ஒதுங்கிச் சேர்ந்தது; கரை கிழக்கே நகர்ந்தது; நகர்ந்த கரையில் மற்றும் ஒரு தெரு முளைத்தது. கடல் பின்வாங்கப் பின்வாங்க ஊர் முன்னேறிற்று.

1837 முதல் 1897 வரை இப்பேட்டை தனி நகராட்சியாகவே இயங்கியது. 'கடலோரப் புதூர்' என்று பொருள்படும் பெயர் அதற்கு வழங்கிற்று. பின்னர் வாலென்சியா அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

அங்கு நடந்த மீன்பிடித் தொழில் கேட்கச் சுவையானது. 'போவு' என்றால் அவர்கள் மொழியில் எருது. இரண்டு பாய்மரப் படகுகள், ஏரில் பூட்டிய இரு எருதுகள்போல அருகருகே சென்று, நடுவில் ஒரே வலையை இழுத்துக்கொண்டு போகும். அம்முறைக்கே எருதின் பெயர். படகுகள் கரை சேர்ந்ததும் மெய்யான எருதுகள் அலைக்குள் இறங்கி, வயிறளவு நீரில் நின்று, அவற்றை மணலுக்கு இழுத்துவரும். அந்த எருதுகளைக் கட்டுவதற்கென்றே தனிக் கட்டடம் இருந்தது. 'எருதுகள் வீடு' என்ற பெயர் அதற்கு இன்றும் வழங்குகிறது. இயந்திரப் படகு வந்தது. எருதுகளுக்கு வேலை போயிற்று.

அக்கரையில் பிறந்த புகழ் இரண்டு. ஒருவர் ஓவியர் சொரோயா. எருதுகள் படகை இழுக்கும் காட்சியை அவர் 1894-இல் தீட்டிய பெரும்படம் பாரிஸ் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதே ஆண்டில் அவர் தீட்டிய மற்றொரு படத்தில், அடிபட்டுக் கிடக்கும் இளம் மீனவனை மூத்தவர் இருவர் தாங்கிப் பிடித்திருக்கின்றனர். மீன் விலை அதிகம் என்று இன்னும் சொல்கிறார்களே என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு. கடைவீதியில் பேரம் பேசும் நம் தாய்மார்கள் அப்படத்தை ஒருமுறை காணவேண்டும்! மற்றொருவர் நாவலாசிரியர் பிளாஸ்கோ இபான்யெஸ். 1895-இல் அவர் எழுதிய 'மே மலர்' என்ற நாவல் இம்மீனவர் வாழ்வைச் சொல்வது. அப்பெயர் கொண்ட படகு புயலில் சென்று மீளாதது கதையின் முடிவு. அவ்விருவரும் அக்கடற்கரையிலேயே சந்தித்ததை நாவலாசிரியர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். இந்த நாவலாசிரியரின் பெயரை மறவாதிருக்க வேண்டுகிறோம், மீண்டும் வரும்.

கையில் சிறிது காசு சேர்ந்தபோது மீனவர் வீட்டு முகப்புகளுக்கு மெருகிட்ட வண்ண ஓடுகள் பதித்தனர். நகரத்துச் செல்வர் மாளிகைகளைப் பார்த்துத் தாமும் செய்தனர். பச்சையும் நீலமும் மஞ்சளுமாக ஒன்றைப்போல் ஒன்றில்லை. எமக்கு அவை செல்வர் வீடுகளைவிட அழகாகத் தோன்றுகின்றன. கோடை மாலையில் நாற்காலிகளை வாசலில் போட்டுக் குளிர்காற்றில் உரையாடுவது அவர் வழக்கம். நம்மவர்க்குத் திண்ணை, அவர்க்கு நாற்காலி. உணவிலும் நமக்கு அயலார் அல்லர். அரேபியர் வளர்த்த நெல்வயல்கள் வாலென்சியாவைச் சூழ்ந்துள்ளன. மீன் வேகவைத்த சாற்றில் சோறாக்கி, மீனைத் தனியே வைத்துண்பது மீனவர் சமையல். புனித வெள்ளியன்று காலையில் ஏசுவின் திருவுருவங்களைக் கடற்கரைக்குச் சுமந்துசென்று, கடலில் மாண்டவர்க்காக வேண்டுவர்.

இனி வழக்குக்கு வருவோம். நகரத்தின் நடுவிலிருந்து கடலுக்கு நேராக ஓர் அகன்ற சாலை அமைக்கவேண்டும் என்ற எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுந்தது. சாலை மெல்ல மெல்ல வளர்ந்து பேட்டையின் விளிம்புவரை வந்து நின்றது. 1998-இல் நகராட்சி அதனைக் கபன்யாலின் நடுவே நீட்டத் திட்டமிட்டது. 1,600-க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இடிபட வேண்டும். 1993-இல் அரசே பாதுகாக்கத்தக்க மரபுச் செல்வம் என்று அறிவித்த தெருக்கள் அவை! அச்சாலையின் பெயர் என்ன தெரியுமா? பிளாஸ்கோ இபான்யெஸ் நெடுஞ்சாலை. இம்மக்களைப் பற்றி நூல் எழுதியவரின் பெயராலேயே இம்மக்களின் வீடுகளை இடிக்க முனைந்தனர்.

வரைபடத்தில் ஒரு கோடு இழுப்பது எத்துணை எளிது என்பதை, அலுவலகத்தில் நாள்தோறும் வரைபடங்களைக் காணும் யாம் அறிவோம். கோட்டின் கீழ் அகப்பட்ட அடுப்பும் தொட்டிலும் கோப்பில் வருவதில்லை. பணி ஓய்வு நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகும் காலனிவாசிகளாகிய நமக்கு, பாட்டன் கட்டிய வீட்டின் சாவியைக் கேட்டால் எப்படியிருக்கும் என்பது உடனே விளங்காமற் போகலாம். ஊரில் விட்டுவந்த வீட்டை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

பேட்டை மக்கள் அதே ஆண்டில் 'கபன்யாலைக் காப்போம்' என்ற அமைப்பை நிறுவினர். அவர்கள் செய்த அரியதொரு செயல், தத்தம் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டது. கலைஞர்கள் அவ்வீடுகளின் கூடங்களிலேயே தம் படைப்புகளை வைத்தனர். ஓவியம் காண வந்தவர் வீட்டையும் வீட்டாரையும் கண்டனர். நகராட்சியோ ஒவ்வொரு வீடாக வாங்கி இடித்தது. பல்வரிசையில் பல் விழுந்தாற்போலத் தெருக்களில் வெற்றிடங்கள் தோன்றின. பழுது பார்க்க அனுமதியில்லை, கூரைகள் ஒழுகின, வாழவழியற்றோரும் தீய வாணிபமும் குடிபுகுந்தன. இவ்வாறு தேய்ந்ததைக் காட்டி, இடிக்கத்தான் வேண்டும் என்று வாதிட்டோரும் உண்டு! 2009-இன் இறுதியில் நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம், இத்திட்டம் மரபுச் செல்வத்தைச் சூறையாடுவதாகும் என்று ஆணையிட்டது. அடுத்த ஆண்டு அவ்வாணையைக் கடக்க மாநில அரசு சட்டம் இயற்றியது. இடிக்கும் பொறிகளின் முன் மக்கள் நின்றனர். அரசியலமைப்பு நீதிமன்றம் தடுத்தது. 2015-இல் பதவியேற்ற புதிய நகராட்சி திட்டத்தையே கைவிட்டது.

வென்றனர். ஆயினும் பதினேழு ஆண்டுகளில் விழுந்த வீடுகள் எழுந்து வரவில்லை. வீடு விற்று வெளியேறிய முதியோர் பலர் திரும்பவுமில்லை. பேட்டை பிழைத்தது என்றறிந்ததும் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோர் வந்தனர், வாடகை ஏறிற்று, மீனவர் பேரப்பிள்ளைகள் இப்போது தம் தெருவிலேயே வீடு தேடுகின்றனர். அகன்ற சாலை மட்டும் பேட்டையின் மேற்கு விளிம்பில், புகைவண்டி நிலையத்தருகே, முட்டி நிற்கிறது.