கடல் மயக்கமும் புயல் காலமும்



நம் தோட்டங்களில் முதியவர்கள் உள்ள வீடுகளில் கப்பல் கதை இல்லாமல் இராது. "ரஜூலாவில் வந்தோம்" என்பார் ஒருவர். "ஸ்டேட் ஆப் மெட்ராசில் ஊருக்குப் போய் வந்தோம்" என்பார் இன்னொருவர். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா, 1970-களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் இந்த நாட்டிற்கும் இடையே நம் மக்களை ஏற்றி இறக்கியது. பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. அதோடு அந்த வழிப் பயணிகள் சேவை முடிவுக்கு வந்தது. கதைகள் மட்டும் நின்றுவிடவில்லை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தது, வாளியை அணைத்துக்கொண்டு கிடந்தது, மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் தவித்தது, இவையெல்லாம் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்லப்படுகின்றன. சிரிப்புக்குள்ளே ஒரு கேலியும் உண்டு. "அவன் பயந்தாங்கொள்ளி, கப்பல் ஏறிய அன்றே வாந்தி எடுத்தவன்" என்பார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. பட்டணத்தில் வேலைக்குப் போன பிள்ளைகள், ஆயுள் முழுதும் வெளிக்காட்டில் உழைத்த தாய் தந்தையரைப் போர்ட் கிள்ளானிலிருந்தோ பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ புறப்படும் உல்லாசக் கப்பல்களில் நான்கு நாள் அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியந்தான். பள்ளி விடுமுறை நெருங்கும்போது எங்களிடம் வந்து கேட்கிறார்கள்: "வாத்தியாரையா, அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது. டிசம்பர் மாதம் வேறு. கடல் கொந்தளித்தால் தாங்குவார்களா?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று புயலைப் பற்றியது, மற்றொன்று வயிற்றைப் பற்றியது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

புயலை முதலில் முடித்துவிடலாம். அட்லாண்டிக் கடலில் 'ஹரிக்கேன்' என்றும், சீனா, ஜப்பான் பக்கத்தில் 'டைபூன்' என்றும், வங்காள விரிகுடாவில் 'சைக்ளோன்' என்றும் சொல்லப்படுவது ஒரே வகைக் காற்றுதான். 'சைக்ளோன்' என்ற பெயரை வைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். 1840-களில், மாலுமிகள் புயலின் சுழற்சியைப் புரிந்துகொண்டு விலகிப் போகவேண்டும் என்பதற்காகவே அவர் புத்தகம் எழுதினார். அட்லாண்டிக்கில் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, செப்டம்பரில் உச்சம். வங்காள விரிகுடாவில் ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு முறையும் புயல் காலம் வருகிறது.

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், காற்றைச் சுழல வைக்கும் பூமிச் சுழற்சியின் விசை இங்கே போதாது. ஆகையால் புயல் நம் வாசலுக்கு வருவது அரிது. அரிது என்றோமே தவிர, இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. 2001 டிசம்பர் 27-ஆம் நாள் 'வாமெய்' என்னும் டைபூன் ஜொகூரின் தென்கிழக்குக் கரையைத் தாக்கியதை அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

உல்லாசக் கப்பல் எதுவும் புயலுக்குள்ளே வேண்டுமென்று நுழைவதில்லை. துணைக்கோள்கள் பல நாள் முன்னதாகவே புயலைக் காட்டிவிடுகின்றன. பெரும்பாலான புயல்கள் நகரும் வேகத்தைவிட இந்தக் கப்பல்களின் வேகம் அதிகம். ஆகவே தலைவர் வழியை மாற்றுவார். ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவார். அதற்கான உரிமை பயணச்சீட்டின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டுமுன் அதைப் படித்துப் பார்த்துக் கொள்ளுங்கள். "பூக்கெட் காட்டுவதாகச் சொன்னார்களே" என்று பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

ஆனால் ஒன்று: புயலுக்கு விலகிப் போகலாம், அதன் அலைக்கு விலக முடியாது. புயல் கிளப்பும் நீண்ட அலைகள் நூற்றுக்கணக்கான மைல் ஓடும். புயலை முந்திக்கொண்டும் ஓடும். வானம் வெளுத்திருக்கும், காற்றே இருக்காது, கப்பல் மட்டும் தொட்டில் மாதிரி ஆடும். மலாக்கா நீரிணையில் சுமாத்திரா தீவு நமக்குச் சுவராக நிற்கிறது. அதன் வடமுனையைத் தாண்டியதும் சுவர் இல்லை. நம் பெரியவர்கள் "பினாங்கு விட்ட மறுநாள்தான் படுத்தோம்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலும் அப்படியே. முதல் முறை போகிற முதியவர்களுக்கு நீரிணைக்குள்ளேயே போய்த் திரும்பும் பயணம் நல்லது என்பது எங்கள் எண்ணம்.

இனி வயிற்றுக்கு வருவோம். கடல் மயக்கம் வயிற்றில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. உட்காதில், எலும்புக்குள்ளே, நீர் நிறைந்த மூன்று வளையக் குழாய்கள் இருக்கின்றன. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் சட்டென்று நின்றால் பால் முன்னோக்கித் தளும்புகிறதல்லவா? தலை திரும்பும்போது அந்த நீரும் அப்படித்தான் தளும்புகிறது. அதை வைத்து 'நாம் அசைகிறோம்' என்று மூளைக்குச் செய்தி போகிறது. கப்பல் அறைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கண் சுவரைப் பார்த்து 'அசைவே இல்லை' என்கிறது. காது 'அசைகிறோம்' என்கிறது. இரு சாட்சிகளும் முரணாகப் பேசும் வழக்கில் மூளை தடுமாறுகிறது. வியர்வை, கொட்டாவி, உமிழ்நீர் ஊறுதல், பிறகு குமட்டல் என்று வரிசையாக வருகிறது.

கேமரன் மலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரிந்ததுதான். தாப்பாவிலிருந்து ஏறும் வளைவுகளில் பின்னால் உட்கார்ந்து புத்தகம் பார்க்கும் பிள்ளை வாந்தி எடுக்கும். ஓட்டுநர் எடுக்கமாட்டார். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருடைய கண்ணுக்கு முன்பே தெரியும்.

காதுதான் காரணம் என்பதற்கு நல்ல சான்று ஒன்று இருக்கிறது. 1950-களின் இறுதியில், விண்வெளிக்கு மனிதரை அனுப்பும் முயற்சியில் இருந்த அமெரிக்க ஆய்வாளர்கள், கல்லாடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத 11 ஆண்களின் உதவியை நாடினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இளவயதில் வந்த மூளைக்காய்ச்சலால் உட்காது பழுதாகியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால், கொந்தளித்த கடலில் ஒரு படகில் அவர்களை ஏற்றிப் போனார்கள். அவர்கள் சீட்டாடிக்கொண்டு மகிழ்ச்சியாக இருந்தார்கள். சோதிக்க வந்த ஆய்வாளர்கள்தான் படுத்துவிட்டார்கள்! சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆகவே வாந்தி எடுப்பவர் பயந்தாங்கொள்ளி என்ற பேச்சு இனி வேண்டாம். அவருடைய காது ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். கடற்படைத் தலைவர் நெல்சனே காற்று பலமாக அடித்தால் மயங்கிப் படுத்தவர். அறிஞர் டார்வினும் 1831-இல் 'பீகிள்' கப்பலில் புறப்பட்டதிலிருந்து கடல் மயக்கத்தால் அவதிப்பட்டார். பிஸ்கட்டும் உலர்ந்த திராட்சையும் தவிர வேறெதுவும் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தெரிந்துவிடும். கண்ணையும் காதையும் ஒத்துப்போக வைக்கவேண்டும். தளத்திற்கு வந்து, தொலைவில் வானும் கடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். அது முடியாவிட்டால் கண்ணை மூடி மல்லாந்து படுங்கள். அறை எடுக்கும்போது கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஏற்றப்பலகையின் இரு முனைகளும் ஆடும், நடு ஆடாது. கப்பலும் அப்படித்தான். மேல்தளத்தில் முன்பக்கம் உள்ள அறை விலை கூடியதாக இருக்கலாம், ஆட்டமும் அங்கேதான் கூடுதல். பெரிய கப்பல்களில் இருபுறமும் நீருக்குள் நீட்டிய துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கின்றன. முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது.

வெறும் வயிறும் ஆகாது, வறுத்த கோழியும் ஆகாது. உப்பு பிஸ்கட், கஞ்சி போதும். இஞ்சி சிலருக்குக் கேட்கிறது. நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்திருந்ததில் பொருள் உண்டு. மாத்திரை வேண்டுமானால் குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை, அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகப் போடவேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் முதிய ஆண்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் மிகவும் ஆபத்தானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த மயக்கம் வருவதே குறைவு.

உண்மையில் அஞ்சவேண்டியது வாந்திக்கு அல்ல, உடலில் நீர் வற்றிப்போவதற்குத்தான். வாய் உலர்ந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமல், குழந்தை கண்ணீரில்லாமல் அழுதால், "கடல் என்றால் அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், உடனே கூப்பிடுங்கள். அதுவரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, மடக்கு மடக்காகக் கொடுத்து வாருங்கள். ஒரேயடியாகக் குடித்தால் மறுபடி வெளியே வரும்.

இனிப்புநீர் உள்ள அம்மாவைப் பற்றிக் கேட்டவருக்கு: அம்மாவை அழைத்துப் போகலாம். ஆனால் சாப்பாடு தங்காத நாளில் வழக்கமான மாத்திரையோ ஊசியோ சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடக் கூடும். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் கடல் மயக்கம் போலவே தோன்றி ஏமாற்றும். அப்படிப்பட்ட நாளில் மருந்தை என்ன செய்வது என்று, புறப்படுவதற்கு முன்பே அரசாங்க கிளினிக்கில் கேட்டு, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவின் பெட்டியில் அல்ல, உங்கள் சட்டைப்பையில் அது இருக்கட்டும்.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மூளை ஆட்டத்திற்குப் பழகிவிடும். பழகியதால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கப்பலை விட்டு இறங்கி வீட்டுத் திண்ணையில் உட்காரும்போது தரை ஆடும். அது ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். அதுவரை அம்மாவைத் தனியாகப் படி இறங்க விடாதீர்கள்.