கற்பிக்கச் சென்றவர் கற்கும் நாள்கள்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



தொண்டு கருதி அயல்நாட்டுக்குக் கற்பிக்கச் செல்பவர் அங்கு எவ்வாறு வேரூன்றுகிறார் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். வேற்று நாட்டின் உணவும் தட்பவெப்பமும் சில திங்களில் பழகிவிடும். எளிதில் அகலாதது 'நான் கொடுக்க வந்தேன்' என்னும் எண்ணம். அது அகன்ற பின்னரே ஒருவர் அவ்வூரினர் ஆகிறார் என்பது என் துணிபு.

1961இல் நிகழ்ந்த இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறேன். அவ்வாண்டு தோன்றிய அமெரிக்கத் தொண்டர் அமைப்பான பீஸ் கோரின் முதற்குழு, ஆசிரியப் பணி ஏற்று ஆகஸ்டுத் திங்களில் கானா நாட்டின் அக்ரா நகரில் வந்திறங்கியது. வந்தவர்கள் விமான நிலையத்திலேயே அந்நாட்டுப் பாட்டு ஒன்றை ட்வி மொழியில் பாடினர். எதிர்கொள்ள வந்தோர் மகிழ்ந்தனர். அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில் வேறொன்று நிகழ்ந்தது. ஆசிரியப் பயிற்சியில் இருந்த தொண்டர் ஒருவர், அவ்வூர் வாழ்க்கையை இழித்துரைக்கும் சொற்களுடன் தம் நாட்டு நண்பருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். அது வழியில் தவறி, மாணவர் கையில் சிக்கியது. விடுதலை பெற்று ஓராண்டே ஆன நாடு அது. மாணவர் கொதித்தெழுந்தனர், எழுதியவர் வருத்தம் தெரிவித்து நாடு திரும்ப நேர்ந்தது. ஒரே அமைப்பு, ஒரே ஆண்டு. ஓரிடத்தில் மொழி வாயில் திறந்தது, மற்றோரிடத்தில் மொழியே வாயிலை அடைத்தது.

இதனினும் கடுமையான வினாவை எழுப்பியவர் இவான் இல்லிச். 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்கா நகரில் அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் பேசியபோது, 'பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள்' என்னும் கருத்துப்பட உரைத்தார். மொழியறியாத ஊரில் நிற்பவர், தம்மைப் பற்றி ஊரார் எண்ணுவதைக்கூட அறியமாட்டார் என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

இதற்கு விடையின் ஒரு பகுதி பீட்டர் ஹெஸ்லரின் வாழ்வில் உண்டு. 1996இல் தொண்டராகச் சீனா சென்ற அவர், யாங்சி ஆற்றங்கரையில் உள்ள ஃபூலிங் ஆசிரியர் கல்லூரியில் ஈராண்டுகள் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். வகுப்பில் ஆசிரியர்; சீனம் பயிலும் வேளையில் தொடக்கநிலை மாணவர். அவர் பிழைபடப் பேசும்போதெல்லாம் 'தவறு' என்று தயங்காது திருத்தினார் அவருடைய சீன ஆசிரியை. ஷேக்ஸ்பியரின் காதற்பாடல் ஒன்றைப் பயிற்றியபோது, பாட்டுடைத் தலைவியை அவருடைய மாணவர்கள் தம் மரபின் பேரழகியாகவே கண்டனர். அந்தப் பார்வையைப் பிழையென்று தள்ளாமல் அதிலிருந்து தாமும் கற்றார் அவர். இவற்றையெல்லாம் 2001இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார்.

நன்னூலார் நல்லாசிரியர்க்குரிய பண்புகளுள் உலகியல் அறிவையும் வைத்தார். சொந்த ஊரில் அது வளரும்போதே வந்துவிடுகிறது. அயலூரிலோ கடைக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் தம் மாணவரிடமுமே கேட்டுப் பெறவேண்டும். அவ்வாறு கேட்கும்போது கொடுப்பவர் கை மேலென்னும் ஏற்றத்தாழ்வு மறைகிறது.

என் மாணவியர் இருவர் அத்தகைய பணிக்குச் செல்ல விரும்பி என் கருத்தைக் கேட்டுள்ளனர். தடுக்க மனமில்லை, வாளா வாழ்த்தி அனுப்பவும் இயலவில்லை. மூன்று வினாக்களை அவர்கள் முன் வைத்தேன். உங்களை அழைத்தவர் அவ்வூராரா? அவர்தம் மொழியில் குழந்தையாகத் தடுமாற ஒப்புகிறீர்களா? நீங்கள் திரும்பிய பின் அவ்வகுப்பை எடுக்க அவ்வூரார் ஒருவர் உருவாகியிருப்பாரா? ஹெஸ்லர் கற்பித்தது ஆசிரியர் கல்லூரி. அவர் மாணவர்கள் நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாகச் செல்ல இருந்தவர்கள். மூன்றாம் வினாவுக்கு அங்கே விடை இருந்தது.

கவிஞர்களாகிய உங்களுக்கும் இதில் பங்குண்டு. தெரிந்த சொல்லையும் புதிதாய்க் கேட்கும் செவி உங்களுடையது. அயல்நாடு செல்லும் ஆசிரியர்க்குப் பெட்டியில் நூல்கள் குறைந்தாலும் குற்றமில்லை. அச்செவி மட்டும் உடன் செல்லட்டும்.