எதிர்வரிசை இல்லாத அவை: பார்படோஸ் தேர்தல் முடிவுகளை முன்வைத்து

கரீபியத் தீவுக் கூட்டத்தின் கிழக்கோரத்தில், 430 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ள பார்படோஸ், 1639இல் தொடங்கிய நாடாளுமன்ற மரபை உடையது. அதன் கீழவையில் உள்ள 30 இடங்களையும் 2018 மே 24இல் நடந்த பொதுத்தேர்தலில் மியா மோட்லி தலைமையிலான பார்படோஸ் தொழிலாளர் கட்சியே கைப்பற்றியது. பத்தாண்டு ஆட்சியில் இருந்த ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. பிரதமராயிருந்த ஃப்ரூண்டல் ஸ்டுவர்ட்டும் தம் தொகுதியை இழந்தார். 2022 ஜனவரியில் வாக்களித்தோர் பதிவுபெற்ற வாக்காளரில் பாதியை எட்டாதபோதும் அதே முடிவு மீண்டும் வந்தது.

இம்முடிவை மக்களின் ஒருமித்த தீர்ப்பென்று கொள்வது எளிது; வாக்குக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. 2022இல் வென்ற கட்சி பெற்றது ஏறத்தாழ 69 விழுக்காடே. ஜனநாயகத் தொழிலாளர் கட்சிக்கு நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலான வாக்குகள் விழுந்திருந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் மிகுதியான வாக்குப் பெற்ற ஒருவரே உறுப்பினராகும் முறை பெரிய நாடுகளிலும் உள்ளது. ஆனால் அங்கே தோற்ற கட்சிக்கும் ஏதேனும் ஒரு மாநிலமோ மாவட்டமோ கோட்டையாக நின்றுவிடும். தொகுதிக்கு ஒன்பதாயிரத்தை ஒட்டிய வாக்காளர்களே உள்ள இத்தீவில், கட்சி ஆதரவு ஊர்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவியிருப்பதால், காற்று ஒரு பக்கம் திரும்பினால் எல்லாத் தொகுதிகளும் ஒருசேரத் திரும்புகின்றன.

சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. பார்படோஸ் அரசமைப்பில் எதிர்க்கட்சித் தலைவர் என்பது மரியாதைக்குரிய அடைமொழியன்று, பதவி. நியமன உறுப்பினர்களால் ஆன 21 பேர் கொண்ட மேலவையில் இருவரை நியமிக்கப் பரிந்துரைக்கும் உரிமை அவருக்குரியது. அரசை ஆதரிக்காத உறுப்பினர்களுள் பெரும்பான்மையினரின் ஆதரவைப் பெறக்கூடியவரே அப்பதவிக்கு உரியவர் என்பது விதி. அத்தகையோர் ஒருவரும் இல்லாத அவையில் விதி வெறும் எழுத்தாகிறது; எனினும் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரே தமக்குப் பெரும்பான்மை என்பதையும் அதே விதி அனுமதிக்கிறது. 2018இல் வென்ற கட்சியின் உறுப்பினரான ஜோசப் ஆதர்லி, தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் எதிர்வரிசைக்கு மாறி அப்பதவியை ஏற்றார். கட்சித் தாவல் பெரும்பாலும் ஆளும் வரிசையை நோக்கியே நிகழக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம்.

2022இல் ஆதர்லியும் தோற்றார். உடனடியாக மாறுவார் எவருமில்லை. எதிர்க்கட்சியின் இரு உறுப்பினர்களின்றி மேலவை முறையாக அமைந்ததாகுமா என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2024 பிப்ரவரியில் ஆளுங்கட்சி உறுப்பினர் ரால்ஃப் தோர்ன் விலகி வந்த பின்னரே பதவி நிரம்பியது. எதிர்ப்பை வாக்காளர் அனுப்பாமல், வென்றவர்களின் மனவேறுபாடு உண்டாக்கியது என்பதுதான் இங்குக் கவலைக்குரியது.

இந்நிலைக்கு வேறு தீவு நாடுகள் வழி கண்டுள்ளன. 1982, 1995 தேர்தல்களில் 60-0 என்ற முடிவைக் கண்ட மொரீஷியஸ், தோற்றோருள் சிலருக்குச் சமூக அடிப்படையில் இடமளிக்கும் ‘சிறந்த தோல்வியாளர்’ முறையால் அவையை வெறுமையினின்று காத்துக்கொண்டது. எனினும் சமூகக் கணக்கு 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நின்றுவிட்டது, அங்குள்ள தமிழர் இந்துக்களுள் அடக்கப்பட்டுள்ளனர். செஷல்ஸ் தீவுகளின் வழி இதனினும் எளியது: தொகுதி உறுப்பினர்களுக்கு மேலாக, கட்சி பெறும் ஒவ்வொரு 10 விழுக்காடு வாக்குக்கும் கூடுதலாக ஓர் உறுப்பினர். அவ்விதி பார்படோஸில் இருந்திருப்பின், 2022இல் ஜனநாயகத் தொழிலாளர் கட்சி இரண்டு இடங்களோடு அவைக்குள் நுழைந்திருக்கும். எதிர்க்கட்சித் தலைவரைத் தேட இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்திராது.