கல்வியிற் பின்தங்குதலும் குற்றமும்



சிறுவன் ஒருவன் குற்றஞ் செய்து நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படும்பொழுது, "இவன் எவ்வளவு படித்தவன்?" என்று ஊரார் கேட்பது வழக்கம். இக்கேள்வியில் ஓர் உண்மையும் ஒரு தவறும் ஒருங்கே மறைந்து கிடக்கின்றன. படிப்பிற் பின்தங்கியவரிடையே குற்றத்தில் வீழ்வோர் தொகை கூடுதலாயிருத்தல் உண்மை. ஆயினும், படிப்பு வராதவன் குற்றவாளியாவான் என முடிவுகட்டுதல் தவறு. வயலிலும் தோணியிலும் பட்டறையிலும் உழைத்து நேர்மையாக வாழ்வோர் பலர் பரீட்சையிற் சித்தியடையாதவர்களே. நன்கு கற்றவர் செய்யும் மோசடிகளையும் நாம் அறியாதவரல்லோம்.

இத்தொடர்பை நீண்டகாலம் ஆராய்ந்தோர் உளர். 1961ஆம் ஆண்டில், தென் லண்டனில் தொழிலாளர் வாழும் பகுதியொன்றிலிருந்து எட்டு, ஒன்பது வயதுடைய 411 சிறுவர்களைத் தெரிந்தெடுத்து, டொனால்ட் வெஸ்ட் என்பாரும் அவர்க்குப் பின் டேவிட் ஃபாரிங்டன் என்பாரும் பல தசாப்தங்களாக அவர்தம் வாழ்வைத் தொடர்ந்து கவனித்தனர். பிற்காலத்துக் குற்றத்தை முன்னுணர்த்திய அறிகுறிகளுள் பாடசாலையிற் பின்தங்குதலும் ஒன்றெனக் கண்டனர். ஆனால் அது தனித்து நிற்கவில்லை. வறுமை, பெற்றோரின் கவனிப்பின்மை, குடும்பத்தவர் குற்றஞ் செய்திருத்தல், ஆராயாது செயலில் இறங்கும் இயல்பு ஆகியனவும் உடனிருந்தன. எனவே, குறைந்த புள்ளியைக் குற்றத்தின் வித்து என்று கூறுவதற்கில்லை. அதனை வீட்டிலும் பள்ளியிலும் ஏதோ குறையுள்ளது என்பதற்கு ஒரு முன்னறிவிப்பாகக் கொள்வதே பொருந்தும்.

அவ்வறிவிப்பு எவ்வழியிற் குற்றமாக முதிர்கின்றது? எழுத்துக் கூட்டி வாசிக்க இயலாத பிள்ளை வகுப்பிலே நாணமுறுகின்றான். நாணம் நாளடைவில் வெறுப்பாகின்றது. வெறுப்புற்றவன் கிழமைக்கு ஒரு நாள் வராதிருக்கின்றான். பின்னர் மூன்று நாள் வராதிருக்கின்றான். பாடசாலை நேரத்தில் வீட்டிலும் இருக்க முடியாதவன் சந்தியிலும் பேருந்து நிலையத்திலும் நிற்கின்றான். பள்ளியிற் கிடையாத மதிப்பை அங்குள்ள மூத்தவர் அவனுக்கு அளிக்கின்றனர். முதலில் ஒரு சிகரெட். பின்னர் ஒரு சிறு பொதியை ஓரிடத்திற் கொண்டுசென்று கொடுக்கும் வேலை. போதைப்பொருள் விற்போருக்கு, தேடுவாரற்ற சிறுவனே வாய்ப்பான கருவியாவான். ஆகவே புள்ளிக்கும் குற்றத்துக்கும் இடையே ஒரு நெடிய பாதை உண்டு. அதன் எந்த இடத்திலும் அவனை நாம் மறித்துத் திருப்பலாம்.

இதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள இப்சிலாந்தி நகரம் சான்று பகரும். 1962ஆம் ஆண்டில் அங்கு தொடங்கிய பெரி முன்பள்ளித் திட்டத்தில், வறிய குடும்பத்துப் பிள்ளைகள் 123 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் முன்பள்ளிக் கல்வி அளித்தனர். ஆசிரியர்கள் கிழமைதோறும் அவர்தம் இல்லங்களுக்கும் சென்றனர். நாற்பது வயதளவிற் கணக்கெடுத்தபொழுது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதுசெய்யப்பட்டோர், முன்பள்ளி சென்றோருள் நூற்றுக்கு 36 பேர். செல்லாதோருள் நூற்றுக்கு 55 பேர். அப்பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையிற் பெற்ற முன்னேற்றமோ சில ஆண்டுகளில் மங்கிவிட்டது. எனவே அவர்களைக் காத்தது புள்ளியன்று. பள்ளியோடும் ஆசிரியரோடும் ஏற்பட்ட பிணைப்பே என்று கொள்ள இடமுண்டு.

எங்கள் நாடு இவ்வகையிற் பேறு பெற்றது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி கிடைத்தது. 1997இல் ஆக்கப்பட்ட விதிகள் ஐந்து முதல் பதினான்கு வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வெல்லை பதினாறு ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும், சட்டம் பிள்ளையைப் படலைக்குள் கொண்டுவரலாம். வகுப்பினுள் நிலைநிறுத்துதல் எம்போன்றோர் கடமையாகும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைக் கூறவேண்டும். சாதாரண தரப் பரீட்சையிற் சித்தி வீதம் குறைந்துவிடும் என்றஞ்சி, பின்தங்கிய மாணவரைப் பதினோராந் தரத்துக்கு முன்னரே விலகுமாறு தூண்டும் வழக்கம் சில பாடசாலைகளில் உண்டு. விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவுடன் பெறுபேற்றுப் பட்டியல் அழகு பெறுகின்றது. ஆனால் அப்பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே செல்கின்றான் என்று எவரும் கேட்பதில்லை. பாடசாலையின் பெருமைக்காக ஒரு பிள்ளையைத் தெருவுக்குத் தள்ளுவது கல்வியாகுமா?

செய்யத்தக்கன அரியனவல்ல. வரவு இடாப்பில் மூன்று நாள் தொடர்ந்து வெற்றிடங் கண்டால், நான்காம் நாள் ஆசிரியர் வீடு தேடிச் செல்லல் வேண்டும். மூன்றாந் தரத்திலேயே வாசிக்கத் தெரியாதவரைக் கண்டறிந்து தனியே கற்பித்தல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும், விளையாட்டிலோ தோட்டத்திலோ தச்சிலோ, மதிப்புப் பெறும் ஓரிடம் பள்ளிக்குள் இருத்தல் வேண்டும். பெற்றோரும் "எத்தனை புள்ளி?" என்று கேட்குமுன், "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பழகுவாராக.

நன்னடத்தை உத்தியோகத்தரிடம் ஒரு சிறுவன் வந்து சேரும்பொழுது காலம் கடந்துவிடுகின்றது. அதற்குப் பல்லாண்டு முன்னரே வரவு இடாப்பு அவனைப்பற்றி எமக்கு அறிவித்திருக்கும். அதனை உரிய காலத்தில் வாசிப்போமாக.