அரசர் மறைவும் ஒளிபரப்பும் நாமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மன்னர்களின் மரணத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் வினவக்கூடும். வினவுவது முறையே. ஆயினும் நம் வீட்டுத் திண்ணை வரை வந்து நாள்தோறும் பேசிக்கொண்டிருக்கும் பெட்டி, யாரைப் பற்றிப் பேசுகிறது, எவ்வளவு நேரம் பேசுகிறது, யாரைப் பற்றிப் பேசாதிருக்கிறது என்று கூர்ந்து நோக்கக் கற்றுக்கொள்வதும் கல்வியின் ஒரு பகுதியே. ஆகவே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் இங்கிலாந்தின் அரசி இரண்டாம் எலிசபெத் ஸ்காட்லாந்திலுள்ள பால்மோரல் மாளிகையில் மறைந்தார். செப்டம்பர் 19-இல் இறுதிச் சடங்கு நடைபெற்றது. இடைப்பட்ட நாட்களில் உலகத் தொலைக்காட்சிகள் பேழையையும், பேழை சென்ற சாலையையும், அதைக் காண இரவு பகலாக வரிசையில் நின்ற மக்களையும் ஓயாது காட்டின. நம் தமிழ் அலைவரிசைகளும் பின்தங்கவில்லை. 1997-இல் அவர் சென்னைக்கு வந்து ‘மருதநாயகம்’ திரைப்படத் தொடக்க விழாவில் கலந்துகொண்ட காட்சி மீண்டும் மீண்டும் வந்தது. அப்படத்தின் நாயகனான கான்சாகிபு, நமக்கு அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவரோடு பொருதவர். பூலித்தேவரின் படைத்தளபதியாக நின்றவர் அருந்ததியர் குலத்துதித்த ஒண்டிவீரன். அவர் நினைவாக நடுவண் அரசு அஞ்சல் தலை வெளியிட்டது அதே 2022-இல், ஆகஸ்டு 20-ஆம் நாள். அரசி மறைவதற்குச் சரியாகப் பத்தொன்பது நாட்கள் முன்னர். சென்னை விழாவைக் காட்டியவர்களுக்கு இந்தத் தொடர்பு நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அந்நாட்களில் நம் தெருக்களில் இருவகைப் பேச்சு எழுந்தது. எழுபதாண்டுக் காலம் அரியணையில் இருந்த அம்மையாரின் சிறப்பைக் காணக் கொடுத்துவைத்தோம் என்றனர் ஒரு சாரார். வெள்ளைக்காரச் சீமையில் சாவு விழுந்தால் நமக்கென்ன என்று சினந்தனர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முன்னது காட்டியதையெல்லாம் கண்டு மலைத்து நிற்பது. பின்னதோ இறந்தவரை எள்ளுவது. சாவு வீட்டில் எள்ளி நகையாடும் வழக்கம் நம் மக்களிடம் என்றும் இருந்ததில்லை. நம்மை வாசற்படியேற விடாதவர் வீட்டுச் சாவுக்கும் நாம் அழுதிருக்கிறோம், பறையறைந்திருக்கிறோம், குழி தோண்டியிருக்கிறோம், விறகடுக்கியிருக்கிறோம். அந்த வரலாற்றை அறியாமல் இந்த ஒளிபரப்பின் பொருளை நாம் அறிய இயலாது.

இளைஞர்களே! வானொலி வருமுன், தந்தி வருமுன், இப்பகுதியில் ஒரு பெரிய வீட்டுச் சாவு எவ்வாறு ஊருக்கு ஊர் பரவியது? நம் பாட்டன்மார் காலால் நடந்து பரவியது. துட்டி சொல்லப் போவது என்பது நம் மீது சுமத்தப்பட்ட ஊழியங்களுள் ஒன்று. நள்ளிரவானாலும், மழையானாலும், தன் குடிசையில் பிள்ளை காய்ச்சலில் கிடந்தாலும், ஆள் வந்து அழைத்தால் எழுந்து போகவேண்டும். இறந்தவரின் உறவினர் எத்தனை ஊர்களில் இருந்தாலும் அத்தனை ஊர்களுக்கும் செல்லவேண்டும். சென்ற ஊரில் செருப்பின்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வாசலுக்கு எட்ட நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று குரல் கொடுக்கவேண்டும். கூலி என்பது சில படித் தவசம், அல்லது அவர்கள் மனமுவந்து போடும் காசு. போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. சொன்னவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, அடி விழுந்தது.

இது நம் பகுதிக்கு மட்டும் உரிய கொடுமையன்று. இந்துக்களின் வீட்டில் நிகழும் சாவு, திருமணம் ஆகியவற்றை எவ்வளவு தொலைவிலுள்ள உறவினருக்கும் சென்று அறிவிப்பது தீண்டப்படாதவர்தம் கடமைகளுள் ஒன்றாக விதிக்கப்பட்டிருந்ததை அண்ணல் அம்பேத்கர் வரிசைப்படுத்தி எழுதியுள்ளார். மராட்டிய மண்ணில் மகர் மக்களைப் பிணித்திருந்த ‘வதன்’ ஊழியத்தை ஒழிக்க அவர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதாவே கொணர்ந்தார். ஆக, செல்வர் வீட்டுச் சாவை உலகுக்குப் பரப்பிய முதல் ஒலிபரப்புக் கருவி நாமே என்க. அக்கருவி தன் வீட்டுச் சாவை அறிவிக்க எவர் நடந்தார்? எவரும் நடக்கவில்லை. நம் சாவு நம் தெருவோடு முடிந்தது.

இனி, அரசர் மறைவை இயந்திரங்கள் பரப்பத் தொடங்கிய கதையைச் சற்றுக் காண்போம். 1936-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாளிரவு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மரணப் படுக்கையில் கிடந்தார். மன்னரின் உயிர் அமைதியாக முடிவை நோக்கிச் செல்கிறது என லண்டன் வானொலி அறிவித்தது. நள்ளிரவுக்குச் சற்றுமுன் அவர் மறைந்தார். உடனிருந்த மருத்துவர் டாசன் பிரபு எழுதிவைத்த குறிப்புகள் ஐம்பதாண்டு கழித்து 1986-இல்தான் வெளியாயின. மன்னருக்கு மார்பினும் கொக்கைனும் ஊசிவழி செலுத்தி முடிவை விரைவுபடுத்தியதை அவரே அதில் எழுதியிருந்தார். மாலை ஏடுகளில் அன்றி, மதிப்புமிக்க காலை ஏடான ‘டைம்ஸில்’ செய்தி முதலில் வரவேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டிருந்தது! ஒரு பேரரசின் தலைவர்கூட அச்சு இயந்திரத்தின் நேரத்துக்கு ஏற்ப இறக்கவேண்டியதாயிற்று. செய்தியாகிவிட்ட சாவு இறந்தவருக்கே சொந்தமில்லாமல் போய்விடுகிறது போலும்.

ஜப்பானில் இரோஹிட்டோ மன்னர் 1989 சனவரி 7-இல் மறைந்தபோது, வணிகத் தொலைக்காட்சிகளும் விளம்பரங்களை அறவே நிறுத்தி இரண்டு நாட்கள் இடைவிடாமல் அவரைப் பற்றியே ஒளிபரப்பின. மக்கள் என் செய்தனர்? வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகளில் போய்க் குவிந்தனர். மன்னரை வெறுத்தவர்கள் என்று இவர்களைக் கூறிவிட முடியாது. எவ்வளவு நேரம் துக்கம் காப்பது என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்பினர், அவ்வளவே.

இங்கிலாந்திலோ இது வெளிப்படையாகவே வெடித்தது. 2021 ஏப்ரல் 9-ஆம் நாள் அரசியின் கணவர் பிலிப் இளவரசர் காலமானார். பி.பி.சி. நிறுவனம் தன் முதல் இரு அலைவரிசைகளிலும் வழக்கமான நிகழ்ச்சிகளை நீக்கி ஒரே இரங்கல் நிகழ்ச்சியை ஒளிபரப்பியது; நான்காம் அலைவரிசையை நிறுத்தியே வைத்தது. விளைவு, 1,09,741 முறையீடுகள் வந்து குவிந்தன. அந்நிறுவன வரலாற்றில் ஒரு நிகழ்வுக்கு அதுவரை அத்தனை முறையீடுகள் வந்ததில்லை. நாட்டுக்கு முக்கியமான தருணத்தில் எண்ணிப் பார்த்தே இம்முடிவை எடுத்தோம் என்று நிறுவனம் விடையிறுத்தது. அந்நாட்டின் ஆறரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள்தொகையில் இது சிறு தொகையே என்று வாதிடலாம். வாதம் சரியே. ஆயினும் ஒரு லட்சம் பேர் எழுதத் துணிந்தது எதனால்? அந்நிறுவனம் அவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் நடப்பது. எம் பணத்தில் நடக்கும் நிலையம் எமக்குப் பதில் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது. (நம் நாட்டிலும் ஒருகாலத்தில் வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் பெற்றார்கள். பணம் கட்டினோமே தவிரக் கேள்வி கேட்கவில்லை.)

சீமைக் கதை போதும். நம் பொதிகை மலையடிவாரத்துக்கே வருவோம். 2020 மே 24-ஆம் நாள், ஊரடங்கு நடப்பிலிருந்த காலத்தில், சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி தம் 89-ஆம் வயதில் மறைந்தார். பட்டம் கட்டிய கடைசி மன்னர் என்று செய்தி அலைவரிசைகளும் நாளேடுகளும் அவரைப் புகழ்ந்தன. ஆடி அமாவாசையன்று சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர் அரச உடையில் கொலுவிருந்த காட்சிகள் ஒளிபரப்பாயின. அவர் மீது நமக்குப் பகையில்லை. குழந்தைப் பருவத்திலேயே பட்டம் சூட்டப்பெற்றவர். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பின்னர் ஆள நிலமற்றிருந்தவர். எளிமையாகப் பழகியவர் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எனினும் அவர் பிறப்பதற்கு இரண்டாண்டு முன்னர், 1929-இல், அந்த ஜமீன் தன் மலைக்காட்டில் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்கு அளித்தது. அக்காடே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களாயிற்று. அட்டைக் கடியிலும் குளிரிலும் அங்கே காடு திருத்தித் தேயிலை பறித்தவருள் மிகப் பெரும்பாலோர் நம் மக்கள். 1999-இல் அவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினர். பலர் சிறை சென்றனர். சிறைப்பட்டோரை விடுவிக்கவேண்டும் என்று சூலை 23-ஆம் நாள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றது. காவல்துறையினர் தடியடி நடத்தினர். ஆற்றங்கரைக்கும் ஆற்றுக்குள்ளும் விரட்டப்பட்டவர்களில் 17 பேர் மாண்டனர். பெண்களும் ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் அடக்கம்.

அதுவும் செய்தியாக வந்ததுதான், படமும் வந்தது. இல்லையென்று கூறமாட்டோம். ‘நதியின் மரணம்’ என்ற ஆவணப்படத்தையும் சிலர் முயன்று எடுத்தனர். ஆனால் 2020-இல் ஜமீன்தாரின் மறைவை ஒட்டி நாம் கண்ட இரங்கற் செய்திகளில், ஜமீனின் பரந்த காட்டைப் பற்றிய பெருமை இருந்தது; அந்தக் காட்டில் உழைத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்ற பெயரில் எஞ்சிய தொழிலாளர்களையும் மலையைவிட்டு இறங்கச் செய்தது. நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டை விட்டு வெறுங்கையோடு இறங்குவதும் ஒருவகைச் சாவன்றோ? அதற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கூறவேண்டும். எலிசபெத் அரசிக்காக இந்திய அரசு ஒருநாள் துக்கம் அறிவித்தது. நாடெங்கும் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அந்த ஒருநாள் எது தெரியுமா? 2022 செப்டம்பர் 11. தீண்டாமையை எதிர்த்து நின்ற தியாகி இம்மானுவேல் சேகரன் 1957-இல் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட நாளும் செப்டம்பர் 11. அப்போது அவருக்கு 32 வயது. படையில் பணியாற்றித் திரும்பியவர். ஆண்டுதோறும் அந்நாளில் பரமக்குடியிலுள்ள அவர் நினைவிடத்துக்கு நம் மக்கள் திரள்வதை நீங்கள் அறிவீர்கள். உங்களில் பலர் சென்றும் இருக்கிறீர்கள். அவர்தம் 65-ஆம் நினைவு நாளில் நாடு முழுதும் கொடி தாழ்ந்தது. ஆனால் அவருக்காக அன்று. வேண்டுமென்று செய்தார்கள் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அந்த நாள் யாருடைய நாள் என்பது முடிவெடுத்தவர்களின் நினைவில் இல்லை. அதுவே நம் வருத்தம். 2023-இல்தான் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் அறிவித்தது. அறுபதாண்டுக்கு மேலாகத் தொலைக்காட்சியின் துணையின்றி அவரை நினைவில் நிறுத்தியவர்கள் ஒவ்வோராண்டும் வண்டி பிடித்துப் போன எளிய மக்களே.

ஆகவே இளைஞர்கள் செய்யத்தக்கவை இரண்டினைக் கூறுவோம். முதலாவது, பார்ப்பதோடு நில்லாமல் எழுதுங்கள். 2021-இல் திருத்தப்பெற்ற கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, நிகழ்ச்சி நெறிமுறைக்கு மாறாக ஒளிபரப்பு இருந்தால் பார்ப்பவர் எவரும் அந்நிலையத்துக்கே முறையிடலாம். பதினைந்து நாட்களுக்குள் நிலையம் விடையளிக்கவேண்டும். மனநிறைவு இல்லையெனில் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. நாள், நேரம், நிகழ்ச்சியின் பெயர் ஆகியவற்றைக் குறித்து ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். நெறிமுறைக்குள் அடங்காத குறையாயின், ஆசிரியருக்குக் கடிதமாக எழுதலாம். நம் சாவைக் காட்டும்போது முகத்தை மறைக்காமல், பெயரைத் தவறாக, சாதிக்கு அடைமொழி சேர்த்துக் காட்டுகிறார்களே, அதற்கெல்லாம் ஒரு கடிதமாவது இவ்வூரிலிருந்து சென்றிருக்கிறதா? நம் பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படிப்பது மகிழ்ச்சியே. நான்கைந்து பேராவது செய்தித்துறைக்கும் ஒளிப்பதிவுக்கும் போகவேண்டும். எந்தச் சாவுக்கு எத்தனை மணித்துளி என்று முடிவு செய்யும் மேசையருகே நம்மவரும் அமர்ந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். படிப்பகத்து மேசையில் தடித்த அட்டையிட்ட பெரிய நோட்டு ஒன்றை வாங்கி வைக்கவேண்டும். நம் தெருவில் ஒருவர் மறைந்தால், பதினாறாம் நாளுக்குள் ஒரு மாணவரோ மாணவியோ அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து, அவர் பிறந்த ஊர், செய்த வேலை, வாங்கிய கூலி, கட்டிய வீடு, படிக்க வைத்த பிள்ளைகள் ஆகியவற்றை அரைப்பக்கமேனும் எழுதிவைக்கவேண்டும். துட்டி சொல்ல நடந்தவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். எந்த எந்த ஊருக்கு நடந்தார்கள், எந்த வழியாக நடந்தார்கள், எங்கே நிறுத்தப்பட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்பதை அந்த நோட்டின் முதல் பக்கங்களில் எழுதுங்கள். நோட்டுக்கான பணத்தை இன்று மேடையிலேயே செயலாளரிடம் ஒப்படைக்கின்றோம்.