கடலா கொடுத்தது? மனசு கொடுத்தது!



சிங்கப்பூர் இடத்தைப் பெருக்கியது கடலைத் தூர்த்தா, மனதை விரித்தா? எதிரணித் தலைவர் ஒரு லாரி மண்ணை இந்த மேடையிலேயே கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். (சிரிப்பு) 1965-இல் சுமார் 580 சதுர கிலோமீட்டர், இன்றைக்கு 730-க்கும் மேல் என்றார். கணக்கு சரிதான்.

ஆனால் ஐயா, அந்த மண் யாருடையது? பக்கத்து வீட்டு மண்! 1997-இல் மலேசியா கடல்மணல் தரமாட்டேன் என்றது. 2007-இல் இந்தோனேசியாவும் கதவைச் சாத்தியது. இரவல் மண்ணை நம்பி எத்தனை நாள் குடித்தனம் நடத்துவது?

மனுஷன் நிமிர்ந்து பார்த்தான். 1961-இல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதியில் பெருந்தீ. ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள். முந்தின வருஷம் பிறந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், ஒரு வருஷத்துக்குள் அவர்களை அடுக்குமாடிகளில் குடியேற்றத் தொடங்கியது. இன்றைக்கு டக்ஸ்டனில் 50 மாடி! மனுஷன் குனிந்தும் பார்த்தான். ஜூரோங் தீவுக்குக் கீழே பாறையைக் குடைந்து, 2014-இல் எண்ணெய்க் கிடங்கு திறந்தான். நம்ம வீட்டில் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியைத் தள்ளுவோமே, அதே யுக்திதான்! (கைதட்டல்)

"இதெல்லாம் இன்ஜினீயர் வேலை, மனசு எங்கே?" என்று எதிரணி அம்மையார் முணுமுணுக்கிறார். சொல்கிறேன் அம்மா.

பிடாடரி என்று ஒரு பெரிய இடுகாடு. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என்று எல்லோரும் அங்கே உறங்கினார்கள். 2001 முதல் 2006 வரை அந்தக் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்றைக்கு அங்கே குடியிருப்பு. சுவா சூ காங் இடுகாட்டில் 1998 முதல் ஒரு விதி: புதைத்தால் 15 வருஷம்தான். பிறகு எடுத்துத் தகனம் செய்யவேண்டும். மதம் அனுமதிக்காவிட்டால் சிறிய இடத்தில் மறுபடி அடக்கம். செத்த பிறகும் வாடகை வீடு ஐயா!

எல்லோரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சட்டம் கேட்டது. பெற்றவளின் எலும்பை எடுக்கும்போது எந்தப் பிள்ளைக்குக் கண் கலங்காது? கலங்கிய கண்ணோடுதான் இடம் விட்டார்கள்.

இங்கே வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறோம். அங்கே பாட்டன் படுத்த இடத்தில் யாரோ பெற்ற பேரன் விளையாடுகிறான். கடல் கொடுத்த இடத்தை அளக்க நில அளவையர் போதும். இந்த இடத்தை எதைக்கொண்டு அளப்பீர்கள்? மனதை விரித்தே என்று தீர்ப்புத் தாருங்கள். (கைதட்டல்)