அந்தப் பத்துக் கேள்விகளில் இல்லாதது

தோல் நோய் உள்ளவர்களிடம் மருத்துவர்கள் நிரப்பச் சொல்லும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் ஆண்ட்ரூ ஃபின்லே என்ற தோல் மருத்துவரும் குல் கானும் சேர்ந்து உருவாக்கி, 1994-ல் வெளியிட்டார்கள். பத்தே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு, வலி எவ்வளவு இருந்தது? தோலை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா? கடைக்குப் போவது, உடை உடுத்துவது, வெளியே நாலு பேரோடு பழகுவது, விளையாட்டு, வேலை, படிப்பு, தாம்பத்தியம் இவற்றுக்கெல்லாம் தோல் தடையாக இருந்ததா? சிகிச்சையே தொல்லையாகிவிட்டதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தாண்டினால், நோய் அன்றாட வாழ்க்கையை மிகவும் பாதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

தோலில் எவ்வளவு பரப்பில் நோய் இருக்கிறது என்று அளப்பதோடு நில்லாமல், அதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டது இந்தத் தாள். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் நம் ஊரில் வெண்புள்ளி உள்ள ஒரு பெண் இதை நிரப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

வெண்புள்ளி என்பது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலுக்கு நிறம் தரும் செல்களைத் தாக்கி அழிப்பதால் வருவது. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தொழுநோயோடு இதற்கு எந்த உறவும் இல்லை. தொழுநோய்ப் படையில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெண்புள்ளியில் தொடுவதும் சுடுவதும் நன்றாகவே தெரியும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருபது வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. பள்ளி, கல்லூரி, அடுத்துக் கல்யாணப் பேச்சு என்று வரிசையாக வரும் வயது அது.

இனி அந்தப் பெண்ணின் தாளைப் பார்ப்போம். அரிப்பு, வலி? பெரும்பாலும் இருக்காது. பூஜ்யம். விளையாட்டு? பள்ளியிலேயே விட்டாயிற்று, ‘எனக்குப் பொருந்தாது’ என்ற கட்டத்தில் குறியிடுவாள். அதற்கும் பூஜ்யம்தான். வெளியே பழகுவதில் இந்த வாரம் சிரமம் இருந்ததா? இந்த வாரம் அவள் எங்குமே போகவில்லை. உறவில் கல்யாணம் என்றால் அம்மா மட்டும் போய்வருவாள். ஆகச் சிரமம் இல்லை, பூஜ்யம். எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியவளுக்குக் குறைந்த மதிப்பெண். விடாமல் வெளியே போய் அவமானப்பட்டுத் திரும்புகிறவளுக்குக் கூடுதல் மதிப்பெண். ‘பொருந்தாது’ என்பதற்குப் பூஜ்யம் போடுவதில் உள்ள இந்தக் கோளாறை ஆராய்ச்சியாளர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்கிறவர்கள், குடும்பப் புகைப்படத்தில் தாங்களாகவே பின்வரிசைக்கு நகர்கிறவர்கள், இவர்களெல்லாம் அந்தத் தாளில் எங்கே வருவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, தங்கையின் நிச்சயத்தன்று அக்காவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் குடும்பங்கள் உண்டு. தங்கைக்கு நோயே இல்லை. பாதிப்பு மட்டும் அவளுக்கும் இருக்கிறது. அதைக் கேட்க அங்கே ஒரு வரி கிடையாது.

அந்தத் தாளில் வராத இன்னொன்று, நெற்றிப் பொட்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது நிறச் செல்களைக் கொன்றுவிடும். பொட்டு ஒட்டிய இடத்திலேயே, பொட்டின் அளவிலேயே வெள்ளை விழும். அதை மறைக்கப் பொட்டு வைப்பவள் என்ன செய்வாள்? இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுவாள். வெள்ளையும் பெரிதாகும். மருத்துவர் ‘ஸ்டிக்கர் பொட்டு கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறும் நெற்றியோடு தெருவில் இறங்கும் பெண்ணிடம் ஊர் என்ன கேட்கும் என்பதையும் அவர் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒத்துக்கொள்ளும் குங்குமத்துக்கு மாறலாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த அறிவுரை வீடு வரை போய்ச் சேரும். சில ரப்பர் செருப்புகளாலும் இப்படி நேர்வதுண்டு. வார் அழுந்தும் இடத்தில் அதே வடிவில் நிறம் போகும்.

அப்புறம், பார்க்கிறவர்கள் சொல்லும் வைத்தியம். மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் வந்தது என்பார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதைக் கேட்டு ஒவ்வொன்றாக விலக்கி, பாதிச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நில் என்பார்கள். அந்த விதையில் உள்ள சோரலென் என்ற பொருள் மருத்துவத்திலும் பயன்படுவதுதான். ஆனால் அங்கே மருந்துக்கும் ஒளிக்கும் அளவு உண்டு. அளவில்லாமல் பூசி உச்சி வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கும். வெண்புள்ளி உள்ளவர்களுக்குப் புண்ணான இடத்தில் புதிதாக வெள்ளை விழவும் வாய்ப்பு இருக்கிறது. அக்கறையோடு சொல்கிற அத்தைகளை, பெரியம்மாக்களை மன்றாடிக் கேட்கிறேன், இதை மட்டும் சொல்லாதீர்கள்.

சிகிச்சை இருக்கிறது. களிம்புகள் உண்டு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் புற ஊதா ஒளியில் நிற்கும் முறையும் உண்டு. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முகத்தில் நிறம் திரும்பும் வாய்ப்பு அதிகம். விரல் நுனியிலும் உதட்டிலும் மிகக் குறைவு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அரைநாள் சம்பளம் போகும். அதையும் பேசித்தான் தொடங்க வேண்டும்.

அந்தப் பேச்சைத் தொடங்கத்தான் மருத்துவ நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பத்தும் முடிந்ததும் தாளை ஓரமாக வைத்துவிட்டு, ‘இது வந்த பிறகு எதையெல்லாம் விட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் வர நேரம் பிடிக்கும். ஒருவர் பாட்டு வகுப்பை என்பார், ஒருவர் பரிமாறுவதை என்பார். பரிமாறுவதை விட்டவருக்குக் கைதான் முதல் கவலை. விரல் நுனியில் நிறம் திரும்புவது கடினம் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிட்டு, அதே நாளில் நிறப்பூச்சால் மறைக்கும் முறையையும் காட்டிக்கொடுங்கள். கூட வந்திருக்கும் மாமியாரையும் உள்ளே அழைத்து, அந்தக் கையால் பரிமாறினால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.